எட்டு பொலிவியானோ கணக்குப்பிள்ளை

ஒரு மனுஷியின் விலை பன்னிரண்டு பொலிவியானோ என்றாள் பொம்மைக்காரி. டெல்மிரா ஆறுக்குக் கேட்டாள்.

"தாயி, கையில பேரேட்டோட உக்காந்திருக்கா பாரு. மூக்குக்கண்ணாடி வேற. ஆறுக்கு ஆட்டுக்குட்டிதான் வரும்."

பொலிவியாவின் லா பாஸில் அலசிட்டாஸ் சந்தை கூடிவிட்டால் இப்படித்தான். வீடு வேண்டுமா, விரலளவு வீடு வாங்கலாம். வண்டி வேண்டுமா, விரலளவு வண்டி. உச்சிப்பொழுதில் புகை காட்டி எடுத்துப் போனால் வருஷத்துக்குள் நிஜமாகவே வந்து சேரும். டெல்மிராவுக்கு வேண்டியது ஒரு கணக்குப்பிள்ளை.

அவள் பாவாடை வடிவமைப்பவள். பெருவிழா ஊர்வலத்தில் ஆடும் நாற்பது பெண்களுக்குப் புது மோஸ்தர் வரைந்து தர ஒப்புக்கொண்டிருந்தாள். பென்சிலை எடுத்தால் துணி வியாபாரி வந்து நிற்பான். கோடு போட்டால் வரி ரசீது. காலையில் வாங்கிவைக்கும் பலகாரம் தொடாமலே ஆறிப்போகும். சாப்பிடக்கூட நேரமில்லை என்று சொல்லிக்கொள்வாள். விரல்களில் அப்பிய தையல் சுண்ணாம்பு எவ்வளவு துடைத்தாலும் போனதில்லை.

கடைசியில் எட்டு கையில், மிச்சம் நாலு ஆள் வந்த பிறகு என்று படிந்தது. எல்லாரும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுத்தாள் பொம்மைக்காரி.

மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கிவந்தால், பூட்டிய கடைக்குள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி. மடியில் பேரேடு. பெயர் எவுலோஹியா என்றாள். எப்படி உள்ளே வந்தாய் என்று டெல்மிரா கேட்கவில்லை. வாங்கின சாமானிடம் வந்த வழி கேட்பார்களா?

"மூணு வருஷக் கணக்கு இந்த லட்சணத்துலயா கெடக்குது?" என்றாள் எவுலோஹியா.

ஒரு வாரம் சொர்க்கம். துணி வியாபாரி வாலைச் சுருட்டிக்கொண்டு போனான். அப்புறம்தான் பழைய வாடிக்கைக்காரிகள் எவுலோஹியாவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்க ஆரம்பித்தார்கள். வந்து எட்டு நாளில் என்ன இவ்வளவு ஒட்டுதல்? அடுத்த நாள் டெல்மிராவின் மேசை பின்னறைக்குப் போயிருந்தது. நாற்பது பாவாடை எண்பதாகியிருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சந்தையில் வாங்கி ஜன்னலில் வைத்திருந்த கணக்குக்காரி பொம்மையை, வந்தவள் போய்விடட்டும் என்று டெல்மிரா சுவர் பக்கம் திருப்பிவைத்தாள். அன்றே பணப்பெட்டிச் சாவி எவுலோஹியாவின் கழுத்தில் ஏறியது. கூலி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ரொக்கத்தை நீட்டினாள். எவுலோஹியா நிதானமாக எண்ணி, வரவில் எழுதிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் டெல்மிரா பொம்மையை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தாள்.

முன்னறையில் எவுலோஹியா ஒரு தும்மல்கூடப் போடவில்லை. வாளியில் மட்டும் பால் மாதிரி என்னவோ கரைந்தது. கையை வெளியே எடுத்தாள். பொம்மை முழுசாக இருந்தது. டெல்மிராவின் சுண்டுவிரல் நுனியைத்தான் காணோம். வலிக்கவுமில்லை.

"இன்னும் வரைஞ்சு முடிக்கலையா?" வாசலில் எவுலோஹியா நின்றாள். "நீ வரையறதுக்கு இருக்கறவ. மத்ததெல்லாம் உனக்கெதுக்கு?"

இனி ஒரு நாள் விட்டாலும் கடை கைவிட்டுப் போய்விடும். ஈரப் பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். எட்டு பொலிவியானோவுக்கு வாங்கின பொம்மை என் கடையையே பிடுங்கிக்கொண்டது, பாக்கி நாலைத் தரமாட்டேன், கொடுத்த எட்டையும் திருப்பிக் கொடு என்று முறையிட்டாள்.

பொம்மைக்காரி பொம்மையைத் தட்டிப் பார்த்தாள். இதற்கு இன்னும் உயிரே வரவில்லையே என்றாள். பிறகு டெல்மிராவின் கையை இழுத்து, சுண்டுவிரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

"எவுலோஹியாம்மா சாவோ பாவ்லோவுலேருந்து திரும்பி வந்துட்டாங்களா? மூணு வருஷம் முன்னாடி அங்க போறப்ப, தன் கடையில உக்காந்து வரைய ஆள் வேணும்னு பென்சில் பிடிச்ச பொம்மை ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. பன்னிரண்டு சொன்னேன், எட்டு குடுத்தாங்க. உன் பேர்ல இன்னும் நாலு பாக்கி நிக்குது, கண்ணு."