வில்ஹோ ஏற மறுத்த மேடு

பின்சக்கரங்கள் சுழன்றுகொண்டுதான் இருந்தன, வண்டிதான் நகரவில்லை. ரய்மோ ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான். கண்ணாடிக்கெல்லாம் திரை போட்ட அந்தக் கறுப்பு அமரர் ஊர்தி ஒருமுறை உறுமிவிட்டு, முன்னுக்குப் போவதற்குப் பதில் நாலடி பின்னுக்கு வழுக்கியது. அதன் பின்னால் வரிசையாக நின்ற கார்களும் மரியாதையாக நாலடி பின்வாங்கின.

கல்லறை மேட்டின் அடிவாரம் அது. பனிக்காலத்தில் அந்த ஊரில் யாரையும் புதைப்பதில்லை. இறுகிப்போன நிலம் இளகும்வரை, மேட்டின் உச்சியில் இருக்கும் கல் அறையில்தான் பெட்டிகளை வைத்திருப்பார்கள். வில்ஹோவையும் இருட்டுவதற்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும்.

சேர்க்காவிட்டால் ரய்மோவுக்கு வேலை போய்விடும். போன மாதம் ஓர் இறுதி ஊர்வலத்தின் நடுவே, குறுக்கே வந்த மானைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்துவிட்டான். இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடு என்று முதலாளியம்மா அன்றே சொல்லிவிட்டார். காகித ஆலையையும் மூடிவிட்ட ஊரில் வேறு வேலைக்கு அவன் எங்கே போவான்?

ஆனால் அவனைக் குடைந்த கேள்வி வேறு. போன வாரம் இதே மேட்டில், இதைவிட மோசமான பனியில், ஒல்லியான டீச்சரம்மா ஒருவரைக் கொண்டுபோனான். வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. வில்ஹோவோ ஊரிலேயே பெரிய உடம்புக்காரர். பனி அள்ளும் லாரியை ஓட்டியவர். பள்ளத்தில் இறங்கிய கார்களையெல்லாம் இழுத்து மேலே விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் பாடம் நடத்துவார்: "பின்சக்கரம் தள்ளுற வண்டிக்குப் பின்னால கனம் வேணும்டா. கனம் இருந்தாத்தான் டயர் பிடிக்கும்."

இப்போது கனத்துக்கு என்ன குறைச்சல்? பின்னால் இருப்பது வில்ஹோவேதான்.

வேறென்ன மாறியிருக்கிறது என்று ரய்மோ யோசித்துப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. இறந்தவர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் பயம்; இந்தத் தொழிலுக்கு ஆகாத குணம்தான். அதனால் எப்போதும் நடுத்திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பான், பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வண்டியை எடுப்பான். இன்றும் அப்படித்தான். ஆராதனை முடிந்து, எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துவிட்டு, கீழ்வாசல் வழியாகவே வந்து கார்களில் ஏறினார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டான்.

வில்ஹோவின் தம்பி லெஸ்டர் தன் காரிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிவந்தார். பூனை கழிக்கிற தொட்டியில் போடும் மண். ஈரத்தை உறிஞ்சிவிடும் என்றார். உறிஞ்சத்தான் செய்தது. உறிஞ்சிய கையோடு களியாகியும்விட்டது. ரய்மோ மிதித்த மிதியில் அந்தக் களி பறந்துபோய், பின்னால் நின்ற பாஸ்டரின் அங்கியில் நட்டநடு மார்பில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து அடிவாரத்து வீட்டிலிருந்து ஒரு வாளிச் சாம்பல் வந்தது. நீராவிக் குளியலறை அடுப்பின் சாம்பல்; அடியில் இன்னும் சூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பனி உருகியது. உருகியது காற்றில் மறுபடி உறைந்து, முன்பு பனியாக இருந்த பாதை இப்போது கண்ணாடியானது. மிச்சச் சாம்பலைக் காற்று வாரிக்கொண்டுபோய், கறுப்பு உடையில் வந்த சனத்தையெல்லாம் சாம்பல் நிறமாக்கிவிட்டது.

பின்கதவைத் திறந்து நாலு மணல் மூட்டையைப் போடலாம் என்றார் லெஸ்டர். வில்ஹோவின் மனைவி எல்மா காரிலிருந்து இறங்கி வந்தார்.

"உசிரோட இருந்தப்ப அவரை நானே மூட்டைன்னு சொல்லியிருக்கேன். அதுக்காக இப்ப அவர் பக்கத்துல மூட்டையை வைக்க விடமாட்டேன். கதவைத் தொடாதீங்க."

லெஸ்டர் கையை எடுத்துக்கொண்டார்.

"அவருக்கு வர இஷ்டமில்ல, தம்பி," என்று எல்மா ரய்மோவிடம் தணிந்த குரலில் சொன்னார். "கீழ்த்தளத்துல உருளைக்கிழங்கு சாசேஜ் வேகுற வாசனை வந்துச்சு. சாப்பாட்டை விட்டுட்டுக் கிளம்புற மனுஷனா அவரு?"

ரய்மோவுக்கு வில்ஹோ சொன்ன இன்னொரு பாடம் நினைவுக்கு வந்தது. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் படர்ந்து உட்காரும், பிடிப்பு கூடும். இறக்கினான். வண்டி ஒரு கார் நீளத்துக்கு முன்னேறியது. அவன் சந்தோஷப்படுவதற்குள் பக்கவாட்டில் திரும்பி, பனிக்குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு பாதை முழுவதையும் அடைத்துப் படுத்துவிட்டது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. முதலாளியம்மாவின் மேசையும் அதன்மேல் சாவியும் அவன் கண்முன் வந்தன.

கடைசியில் வெட்கத்தை விட்டு, மேலே பெட்டியை இறக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டான். மண்வெட்டியால் மூக்கை விடுவித்தபின், "பின் பம்பர்ல ஏறி, கூரையைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்கண்ணே," என்றான். கனத்த கோட்டுகளோடு ஆறு கனத்த ஆட்கள் ஏறி நின்றார்கள். மெதுவாக மிதித்தான். டயர் பிடித்தது. ஊர்தி யானைபோல அசைந்து அசைந்து மேடேறி, கல் அறையின் வாசலில் போய் நின்றது.

எல்லோரும் இறங்கி மூச்சு வாங்கினார்கள். ரய்மோவுக்கு நிம்மதியைவிடக் குழப்பமே மிஞ்சியது.

"அண்ணே, நீங்க ஏறினதும் வண்டி ஏறுது. அப்போ வில்ஹோ மாமாவோட கனம் எங்க போச்சு?"

"உசிரு போனா உடம்பு லேசாயிடும்னு சொல்வாங்களே," என்றார் லெஸ்டர்.

பாஸ்டர் மார்பில் காய்ந்த களியைச் சுரண்டிக்கொண்டே, அவ்வளவெல்லாம் குறையாது என்றார்.

எல்மா வந்து ரய்மோவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாய், உன் முதலாளியம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றார். வேலை நிலைத்தது. ரய்மோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

லெஸ்டர் பின்கதவின் பிடியில் கை வைத்தபோது, கீழேயிருந்து ஒரு பனி ஸ்கூட்டர் சீறிக்கொண்டு வந்து நின்றது. சர்ச்சைப் பெருக்கித் துடைக்கும் டோரிஸ். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"வண்டியில வச்ச பூ நனையுதேன்னு அதோட பின்கதவைச் சாத்திட்டு உள்ள போனேன், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க," என்றாள். "நான் சர்ச்சைப் பூட்டணும். வில்ஹோவை எப்ப வந்து எடுத்துட்டுப் போறீங்க?"