ஈரம் ஈரமாகவே இருத்தல் வேண்டும்

வெள்ளம் வராத நாடு கிடையாது. ஆனால் வந்த வெள்ளத்தை நிற்க வைத்து, பெயர், முகவரி கேட்டு, வரிசை எண் போட்டு அனுப்பிய அலுவலகம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. வெள்ளச் சேதச் சீரமைப்பு அலுவலகம் என்னும் அந்தப் புனித நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றும் பேறு பெற்றவன் நான். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அதன் அருமை பெருமையை யாரிடமாவது எடுத்துச் சொல்லாமல் எனக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்குவதில்லை. பெரும்பாலும் என் மனைவியிடம் சொல்வேன். அவள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

அந்தப் பெருமை போன மாதம் என் சொந்த வீட்டுக்கே நடந்து வந்தது. வியாழக்கிழமை மதியம் கால்வாய்க் கரை உடைந்து, தண்ணீர் எங்கள் தெருவில் புகுந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே ஏறியது. மாடியில் பழைய சாமான் போடும் தகரக் கொட்டகையில் நானும் மனைவியும் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை காலையில் வடிந்துவிட்டது. கீழே இறங்கிப் பார்த்தால் கணுக்கால் அளவு சேறு, ஊறிப்போன மெத்தை, உப்பிப்போய் மூட முடியாத கதவுகள். எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டாலும் அவ்வளவு நேராக வராது.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு விசேஷம். வெள்ளத்துக்கு நாலு நாள் முன்புதான் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு மாதம் முந்திப் பிறந்த குழந்தை. மருமகனுக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். மகளும் குழந்தையும் ஆஸ்பத்திரியில். இன்னும் மூன்று வாரத்தில் அனுப்பிவிடுவோம், ஆனால் குழந்தைக்கு நெஞ்சு பலவீனம், போகிற அறை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர வாடையே ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழந்தைக்கென்று கிழக்கு ஜன்னல் வைத்த அறையை ஒதுக்கியிருந்தோம். அந்த அறையிலும் அதே பழுப்புக் கோடு.

என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

"நான் சேத்தைத் தள்ளுறேன். நீங்க ஜன்னலை எல்லாம் திறந்து விடுங்க."

"தொடாதே," என்றேன்.

"எதை?"

"எதையும். விதி பதினாலு."

விதி பதினான்கைப் பற்றி அறியாத வாசகர்கள் இருக்கக்கூடும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, இரக்கம்தான். 'பாதிப்படைந்த வீட்டின் ஈரமானது, ஆய்வு அலுவலர் நேரில் வந்து காணும் வரை, ஈரமாகவே இருத்தல் வேண்டும்' என்பதே அந்த விதி. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், யாரோ ஓர் ஆசாமி காய்ந்த சுவரில் தண்ணீரை ஊற்றிவிட்டு 'வெள்ளம்' என்று மனுப் போட்டான். இனி ஒருவனும் அப்படி ஏமாற்றக் கூடாது என்று மூன்றாவது மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரே மூச்சில் அந்த விதியை எழுதியவர் ஒருவர் உண்டு. மேலதிகாரி எழுந்து வந்து கை கொடுத்தார். எல்லாருக்கும் பிஸ்கட் வந்தது. அந்த ஒருவர் யார் என்பதைத் தன்னடக்கம் கருதிச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நான்தான்.

மனுவோடு இருக்கும் படிவத்தையும், அதன் பதினேழு கலங்களையும், கடைசியில் வரும் உறுதிமொழியையும்கூட நானே எழுதினேன். வீடு ஈரம் என்று சான்று கிடைத்தால் அலுவலகம் சுவர் உலர்த்தும் இயந்திரத்தை அனுப்பும். பெரிய இயந்திரம், மூன்றே நாளில் சுவரை அப்பளமாக்கிவிடும் என்று கொள்முதல் கோப்பில் எழுதியிருந்தது. ஆக, காய வேண்டுமானால் ஈரமாக இருக்க வேண்டும். இதில் என்ன குழப்பம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மனைவிதான் தனக்குப் புரியவில்லை என்றாள்.

சேற்றைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தேன். என் பணிக்காலத்தின் ஒரே கவனக்குறைவு. அந்த ஓட்டை வழியாக அவள் சேறு முழுவதையும் வெளியே தள்ளிவிட்டாள்.

பக்கத்து வீட்டில் நடந்ததோ சட்டத்துக்கே அடுக்காது. அங்கே இருப்பவர் ஒரு தையல்காரர். தெருவுக்கே 'தையல் அக்கா'. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த அம்மாள் கதவுகளைக் கழற்றி வெயிலில் சாத்திவிட்டார். ஊறிய மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டார். உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து, சுவரில் இடுப்பு உயரத்துக்குக் காரையைக் கொத்திக் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெளியே காட்டிவிட்டார். தையல் மெஷினுக்குக் காட்டும் ஃபேனைச் சுவருக்குக் காட்டினார். அந்தப் பழுப்புக் கோடு, அந்த அரிய ஆதாரம், குப்பைக் கூடையில் கிடந்தது.

"ஆர்டர் சார்," என்றார். தெருவில் எனக்கு அன்போடு வைத்த பெயர் அது. "பூச்சு தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கு. அதை எடுத்தாத்தான் உள்ள காயும். உளி வேணுமா? என் வேலை முடிஞ்சிருச்சு."

"உங்களுக்குச் சான்று கிடைக்காதும்மா," என்றேன்.

"எனக்குக் காஞ்ச சுவர் போதும் சார்," என்றார். படிப்பறிவு இல்லாவிட்டால் மனிதர்கள் எவ்வளவு சுலபமாகத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள் பாருங்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். கீழ்த்தளத்தில் இன்னும் தண்ணீர் நின்றதால் எல்லாரும் முதல் மாடிக்கு வந்திருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் எனக்குக் கீழே வேலை பார்த்த குமாஸ்தா. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். விதி பதினான்கில் இன்றுவரை ஒரு கால்புள்ளியைக்கூட யாரும் மாற்றவில்லை என்று சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வரிசை எண் கொடுத்தார்: நானூற்றுப் பன்னிரண்டு. அலுவலர் எப்போது வருவார் என்று கேட்டேன். 'ஈரம் என்றால் என்ன' என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடந்துகொண்டிருப்பதாகவும், அது முடிந்ததும் புறப்படுவார் என்றும் சொன்னார்.

கூட்டம் நாலு நாள் நடந்தது. பழைய மரியாதைக்காக என்னையும் ஓர் ஓரமாக உட்காரவிட்டார்கள். ஈரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, கைக்குத் தெரிந்தால் போதுமா என்று இரண்டு கட்சி. கடைசியில் 'உள்ளங்கைச் சோதனை' என்று ஒருமனதாக முடிவானது: அலுவலர் தம் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுக்கும்போது கை நனைந்தால் ஈரம், நனையாவிட்டால் இல்லை. அலுவலருக்குக் கை வியர்த்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதற்குத் துணைக்குழு போட்டார்கள்.

அந்த நாலு நாளும் வெளியே வெயில் கொளுத்தியது. வீட்டுக்கு வந்து குழந்தையின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. கை நனையவில்லை! மேலாகக் காய்ந்துவிட்டிருந்தது. இரண்டு நாளில் இந்த வீடு சட்டப்படி 'பாதிக்கப்படாத வீடு' ஆகிவிடும். இயந்திரம் வராது. இயந்திரம் வராவிட்டால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு யார் பொறுப்பு? என் பேத்தியின் நெஞ்சு என்ன ஆவது?

கடமை அழைத்தது. ஒரு வாளியும் குவளையும் எடுத்துக்கொண்டேன். காலையில் எட்டுக் குவளை, மாலையில் எட்டுக் குவளை, சுவருக்கு. இந்தப் பணிக்கு 'ஈரப் பராமரிப்பு' என்று பெயரிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் தேதி, சுவர், குவளை எண்ணிக்கை, சோதனை முடிவு என்று நாலு பத்தி போட்டுக் குறித்துவைத்தேன். ஒருநாள்கூடத் தவறவில்லை.

முதல் நாள் நான் குவளையும் கையுமாக இருந்தபோதே அறை வாசலில் வந்து நின்றாள் மனைவி. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோய்விட்டுத் திரும்பியிருந்தாள். கையில் காலி டிபன் கேரியர்.

"என்ன பண்றீங்க?"

"சுவரை ஈரமாக்குறேன்."

"எதுக்கு?"

"காய வைக்கிறதுக்கு."

அவள் டிபன் கேரியரை மெல்லக் கீழே வைத்தாள். "பாப்பா எந்த ரூமுக்கு வரப்போகுது, அதை மட்டும் சொல்லுங்க," என்றாள். சான்று வந்த மறுநாள் இயந்திரம், இயந்திரம் வந்த மூன்றாம் நாள் அறை தயார் என்று விளக்கினேன். முழுதும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது உப்பு, புளி விஷயம் மட்டும்தான்.

பராமரிப்பு சிறப்பாக நடந்தது. வெள்ளத்துக்குத் தப்பிய காரையும் உப்பிக்கொண்டு வந்து பொலபொலவென்று உதிர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் எழுந்து, வாரக் கடைசிக்குள் கூரையைத் தொட்டது. பீரோவின் அடிப்பலகை தானாகக் கழன்று விழுந்தது. அறைக்குள் நுழைந்தால் நனைந்த கோணிச் சாக்கை முகத்தில் போட்டு மூடினதுபோல் ஒரு வாடை. தும்மல் வந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சோதனைக்கு வீடு தயாராகிறது என்று அர்த்தம்.

மகளும் குழந்தையும் வருகிற நாள் காலையில்தான் ஆய்வு அலுவலர் வந்தார். இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் படிவக் கட்டு. பேத்தி வரும் வேளையும் அரசாங்கம் வரும் வேளையும் ஒன்றாக அமைந்ததை எண்ணிப் பூரித்துப்போனேன்.

உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்தபோது முழங்கை வரை தண்ணீர் வழிந்தது.

"சார், நானூத்திப் பதினோரு வீடு பார்த்துட்டேன்," என்றார். "இப்படி ஒரு ஈரத்தை எங்கயும் பார்க்கல."

என் இருபத்திரண்டு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த விருது அது. நிதானமாகவே கேட்டேன், இயந்திரம் நாளைக் காலையில் வந்துவிடுமல்லவா என்று.

அவர் தலையைச் சொறிந்தார். "மெஷின் ரெண்டும் நம்ம ஆபீஸ் கீழ்த்தளத்துலதான் சார் இருந்துச்சு. வெள்ளத்துல முழுகிடுச்சு. எடுத்துத் துடைச்சு வெயில்ல வைக்கலாம்னு பார்த்தோம். விதி பதினாலு இருக்கே. ஆய்வு முடியாம காய வைக்கக் கூடாது. எங்களுக்கு வரிசை எண் அறுநூத்தி மூணு."

விதியின் முன் அலுவலகமும் சாமானியனும் சமம்! இதைவிட ஒரு விதியை எழுதியவனுக்கு என்ன வேண்டும்? ஆனாலும் எனக்கு ஏனோ நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்காலியும் ஊறியிருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. மகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். வாசற்படியில் ஒரு கால் வைத்தாள். மூக்கைச் சுளித்தாள். குழந்தை ஒருமுறை இருமியது. அவ்வளவுதான், திரும்பிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள். போகும் இடம் ஏற்கெனவே பேசி முடிவாகியிருந்தது என்பது, அங்கே வாசலில் தையல் அக்கா தலையணையும் கொசுவலையுமாகக் காத்து நின்றதில் தெரிந்தது. அந்த வீட்டுச் சுவர் புதுப் பூச்சும் சுண்ணாம்புமாகப் பாலைப்போல் வெளுத்துக் கலகலவென்று காய்ந்திருந்தது.

பேத்தியைப் பார்க்க ஓடினேன். மகள் கதவருகிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்பா, உங்க சட்டையெல்லாம் ஈர வாடை. காஞ்சதும் வாங்கப்பா."

குழந்தையின் ஒரு குட்டி விரல் துணிக்கு வெளியே தெரிந்தது. அதைத்தான் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். படிவத்தில் அதற்குக் கலம் வைக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அலுவலர் குழம்பிப்போய் நின்றுகொண்டிருந்தார். பழுப்புக் கோடு முழங்காலுக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது. ஈரமோ, ஆள் கையைத் தூக்கிக் குவளையால் வீசினால் எட்டும் உயரம் வரை இருந்தது. பதினேழாவது கலத்தில் பேனாவை வைத்தபடி என் மனைவியைக் கேட்டார்.

"பாதிப்புக்குக் காரணம் என்னன்னு போடட்டும்மா? 'வெள்ளம், மழை, கடல், பிற'ன்னு இருக்கு."

"பிறன்னு போடுங்க."

"பிறன்னா விவரம் எழுதணும்மா."

என் மனைவி அலமாரி மேலிருந்து என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "தேதி, நேரம், எத்தனை குவளை, எல்லாம் இதுல இருக்கு. எழுதுங்க. வெள்ளம் ஒன்றரை நாள் இருந்துச்சு. அது பாட்டுக்கு வந்துச்சு, போயிடுச்சு. இந்த வீட்டைக் கெடுத்தது எங்க வீட்டுக்காரர். விதி பதினாலை எழுதினவரும் இவர்தான். அதையும் சேர்த்துப் போடுங்க."

அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதினார். கையெழுத்துக்காகப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அடியில் நான் இயற்றிய உறுதிமொழி அச்சாகியிருந்தது: 'மேலே கண்ட யாவும் என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை.'

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி பேனாவை வாங்கி, 'என் அறிவுக்கு எட்டிய வரை' என்பதை மட்டும் அடித்துவிட்டு, உளி வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.