குச்சிக்கிழங்கு இலை போட்ட சேலை

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் பூவைப் பார்த்துக் கோபப்படக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ‘பூவேண்டாம்’தான். ஆட்டையாம்பட்டி பக்கம் நான் கணக்கு எழுதிய டிஜிட்டல் பிரிண்டிங் பட்டறையில் அவர் டிசைனர். கம்ப்யூட்டரில் வரைந்ததை மெஷின் அப்படியே துணியில் அச்சடித்துவிடும். ஆகவே உலகத்தில் எதை வேண்டுமானாலும் சேலையாக்கலாம் என்பது அவர் கட்சி. ரோஜா டிசைன் கேட்டு வரும் வியாபாரியிடம், “பூ வேண்டாமுங்க” என்று ஆரம்பித்துவிடுவார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

மாங்காய், கட்டம், கோடு, புள்ளி, சிறுத்தைத் தோல் எல்லாமே அவருக்கு அலுத்துப்போன சரக்கு. லாரி டயர் தடத்தைப் போட்டோ எடுத்து பார்டர் ஆக்கினார். கோழிப்பண்ணை முட்டை அட்டையைக் கட்டம் ஆக்கினார். ஒரு துக்க வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் பாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு.

இந்த நிலையில் முதலாளி மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி சேலை என்று முடிவானது. மணப்பெண்ணே நேரில் வந்து, “யாரும் கட்டாத டிசைனா வேணுமுங்கண்ணா” என்று கேட்டாள். கேட்க வேண்டுமா! பட்டறை வேலிக்கு அந்தப் பக்கம் காடு முழுக்க நின்ற குச்சிக்கிழங்குச் செடியில், அதாவது மரவள்ளியில், ஓர் இலையைப் பறித்து வந்தார். விரித்த விரல்கள் மாதிரி இருக்குமே, அந்த இலை. சந்தன நிறத்தில் பச்சை பச்சையாய் அது அச்சாகி வந்தபோது பட்டறையே சொக்கி நின்றது. முதலாளி மட்டும், “சம்பந்தி ஊட்டுல ஏதாச்சும் சொன்னாங்கன்னா நீ வேலைக்கு வராத சாமி” என்றார், அன்பாகத்தான்.

மாப்பிள்ளை வீடு சென்னை. மாப்பிள்ளையின் பெரியப்பா போலீசில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்துக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன சார் இது, வீட்டு லேடீஸ் மொத்தமும் கஞ்சா இலையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க?”

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை, சத்தியமாக. அந்த இலையைப் பார்த்தால் எங்களுக்கு அந்தக் கிழங்கில் செய்கிற ஜவ்வரிசிதான் ஞாபகம் வரும். பெண்கள் அவசர அவசரமாக முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டு மாற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். மணப்பெண் அழ ஆரம்பித்தாள். பூவேண்டாம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆள் ஓடிவிட்டார் என்றே முதலாளி முடிவு கட்டினார்.

வந்தாரே பார்க்கலாம்! ஆள் உயரக் குச்சிக்கிழங்குச் செடியைக் கிழங்கும் செம்மண்ணுமாக வேரோடு பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தில் மண்ணை உதிர்த்தபடி வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் வெள்ளை வேட்டி மடியிலேயே கிடத்தினார்.

“இந்த எலைதானுங்க அது. கஞ்சா எலைக்கு ஓரத்துல பல்லு பல்லா இருக்கும். இதுக்கு இருக்காதுங்க.”

பெரியப்பா கண்ணைச் சுருக்கினார். “கஞ்சா இலையைப் பத்தி உனக்கு எப்படிப்பா இவ்வளவு தெரியும்?”

போச்சு. முதலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒரு விவசாயி உள்ளே வந்தார். பூவேண்டாமைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறார். அங்கே ஒரு போலீஸ்காரர் இருப்பதாக யாரோ சொன்னதும் நேரே பெரியப்பாவிடமே புகார் கொடுத்தார்.

“ஏனுங்க, இந்த ஆளு என்ற காட்டுல குச்சிக்கெழங்கைப் புடுங்கிட்டு ஓடியாந்துட்டானுங்க. என்னன்னு கேளுங்க.”

பெரியப்பா விவசாயியைப் பார்த்தார், மடியில் கிடந்த கிழங்கைப் பார்த்தார், சேலைகளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே முடியவில்லை. குற்றவாளியைக் காப்பாற்றிய திருட்டுப் புகாரைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார். தட்டு மாறியது. விவசாயிக்கு முதல் பந்தியில் இடம் கிடைத்தது. “நாளைக்கு நேரத்துல வந்துரு சாமி” என்று முதலாளி பூவேண்டாமிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் செருகிய முந்தானைகளை ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். மண்டபமே பச்சென்று ஆனது. ஓயாமல் பேசும் அந்த மனிதர் தூணோரம் நின்று, கண் கலங்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் தோளில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டேன். தட்டி முடித்த பிறகும் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.