தீத்தடுப்பு முன்கைக் காப்புறை

நெருப்பு சுடும் என்பதை உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் அது ஐம்பத்து மூன்றாம் வருடம்தான் எழுத்து மூலமாக உறுதி செய்யப்பட்டது. உறுதி செய்தவன் அடியேன். பெயர் இக்னேசியஸ், தேயிலை பேக்டரியில் கிளாக்கர். இங்கிலீசில் கடிதம் எழுதுவதில் எனக்கு நிகர் நானே என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஏற்படுத்தியவனும் நானே.

தேயிலை காயும் மெஷினுக்குச் சூடு கொடுப்பது ஒரு பெரிய விறகு அடுப்பு. அதன் இரும்புக் கதவைத் திறந்து கட்டை தள்ளுவது ஆண்டியப்பனின் வேலை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அனல் வெளியே வந்து அவன் முன்கைகளை நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஒருநாள் வலது முழங்கை மடிப்பில் கதவே பட்டுவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சர் சிவசாமி மருந்து பூசிக் கட்டிவிட்டுச் சொன்னார்:

"இதே எடத்துல இன்னொரு தடவ சுட்டுச்சுன்னா தோலு இழுத்துக்கும். கை நீளாது. அப்பறம் அடுப்பு வேலைய மறந்துற வேண்டியதுதான்."

ஆண்டியப்பனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். வீட்டுக்குப் போய்ப் பெஞ்சாதி சண்முகவடிவிடம் சொன்னான். அவள் கொழுந்து எடுப்பவள். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளத் தோட்டம் கொடுத்த கம்பளிகளில் நைந்துபோன ஒன்றை வெட்டி, இரண்டு குழாயாகத் தைத்து, நாடா வைத்து அவன் கைகளில் கட்டிவிட்டாள். ஒரு மாதம் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. நிலைமை இப்படித் திருப்திகரமாக இருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

"என்ன ஆண்டியப்பா இது?"

"கம்பளிங்க ஐயா. சூடு தாங்குதுங்க."

"கம்பளி எதுக்குக் குடுக்கிறது?"

"மழைக்குங்க."

"இங்க மழ பெய்யுதா?"

அவன் நல்லவன். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "இல்லீங்க."

"அப்ப ஏன் போட்டிருக்க?"

"சுடுதுங்களே ஐயா."

மழையைத் தடுப்பதற்கென வழங்கப்பட்ட பொருளை நெருப்பைத் தடுப்பதற்கு உபயோகிப்பது பாரதூரமான ஒழுங்கீனம். இன்றைக்கு நெருப்புக்கு, நாளைக்குக் காற்றுக்கு என்று போனால் நிர்வாகம் என்னாவது? கம்பளிக் குழாய்களைக் கழற்றி வாங்கி, சீட்டு ஒட்டி, அலமாரியில் பூட்டினேன்.

"கொழும்புக்கு எழுதி மொறைப்படி எடுத்துத் தாறேன். அதுவரைக்கும் அடுப்பவிட்டுத் தள்ளி நின்னு வேல செய்."

"தள்ளி நின்னா கட்ட உள்ள போகாதுங்களே."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கியே!" என்று அதட்டினேன். என்னிடம் பதில் இல்லாதபோது நான் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். 'அத்தியந்த உஷ்ணத்துக்கு ஆட்படும் முன்கைகளின் பரிதாப நிலை' என்று பொருள்படும் ஒரு வரி அதில் வந்தது. அதை என் மனைவி ஐவிக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மனம் உருகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கொழும்புக் கம்பெனி கையின் அளவைக் கேட்டு எழுதியது. ஆண்டியப்பனின் கை கரியும் வியர்வையுமாக இருந்தது. என்னிடம் இருந்ததோ ஐவியின் புது அளவு நாடா. கை என்றால் கைதானே என்று என் கையை அளந்து அனுப்பிவிட்டேன். இருபது வருடமாகப் பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத கை.

ஐந்தாம் மாதம் பார்சல் வந்தது. பளபளக்கும் தோலில் பித்தளைக் கொக்கி வைத்த இரண்டு காப்புறைகள். ஆண்டியப்பன் கையை நுழைத்தான். மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றுவிட்டது.

"உள்ள போக மாட்டேங்குதுங்க."

"மூச்ச அடக்கிக்கிட்டுத் தள்ளு."

அடக்கினான். கண்தான் பிதுங்கியது. கொழும்புக்கு மறுபடி எழுதினேன். 'அளவு பொருந்துகிறவரே அணிய வேண்டும். பொருந்தாதவருக்குக் கொடுக்கலாகாது' என்று உத்தரவு வந்தது. உத்தரவு என்றால் உத்தரவு. அன்றிலிருந்து நான் அணிந்தேன். மேசையில் சிந்தும் மையிலிருந்து என் சட்டையை அது அற்புதமாகக் காப்பாற்றியது.

அதைப் பார்த்த பேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் தனக்கும் ஒரு சோடி எழுதச் சொன்னார். பிறகு கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டார். வருடம் முடிவதற்குள் உத்தியோகத்தர் எல்லார் கையிலும் காப்புறை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் போகாத கைகள் ஒரு தோட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆண்டியப்பன் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். "ஐயா, அந்தப் பழைய கம்பளியவாவது குடுத்துருங்க."

"அது விசாரணையில இருக்கு."

"யாருங்க விசாரிக்கிறது?"

நான்தான் விசாரிக்கவேண்டும். நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் அதே கதவு, அதே முழங்கை மடிப்பு. சதை தெரிந்தது. விபத்துப் படிவத்தில் ஒரு கேள்வி: 'காப்புறை அணிந்திருந்தவருக்குக் காயம் ஏற்பட்டதா?' இல்லை என்று எழுதினேன். எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. வெட்கமாக இருந்தது. ஆனாலும் தபால் போய்விட்டது.

டிஸ்பென்சர் சொன்னபடியே தோல் இழுத்துக்கொண்டது. வலது கை மடங்கி மார்போடு நின்றுவிட்டது. அடுப்புக்கு வேறு ஆள் வந்தான். ஆண்டியப்பனுக்கு இடது கையால் பேக்டரி கூட்டுகிற வேலை கிடைத்தது. அதுவும் நிரந்தரமில்லை என்றார்கள்.

காப்புறை அணிந்த ஒருவருக்குக்கூடக் காயமில்லாத ஒரே தோட்டம் எங்களுடையதாம். நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி காரில் வந்தார். பேக்டரியில் எல்லாரும் வரிசையாக நின்றோம். பத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் ஆண்டியப்பனைப் பார்த்தார். அவன் மடங்கிய கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கை கட்டி நிற்கும் இப்படிப்பட்ட மரியாதையைக் கொழும்பில் காண முடிவதில்லை என்று இங்கிலீசில் வியந்தார்.

"என்னங்க ஐயா சொல்றாரு?" என்று ஆண்டியப்பன் என்னிடம் கேட்டான்.

"ஒன்னோட பணிவப் பாராட்டுறாரு."

"பணிவு இல்லீங்க. கை நீளலீங்க. சொல்லுங்க ஐயா."

அதற்கு வேண்டிய இங்கிலீசு எனக்கு நன்றாகவே தெரியும். அதிகாரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றி சொல்கிறான், சேர்" என்றேன்.

"இந்தத் தோட்டத்தில் எல்லாருமே இப்படித்தானா?"

நான் வரிசையைப் பார்த்தேன். டீமேக்கர், கண்டாக்கையா, உண்மை தெரிந்த டிஸ்பென்சர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் சுட்டதில்லை. பிறகு குனிந்து என்னைப் பார்த்தேன். பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் கைகளும் மார்பில் கட்டியிருந்தன.

"எல்லாருமே இப்படித்தான், சேர்" என்றேன்.