கிணற்று விலாங்குக்கு வயது முப்பத்திரண்டு

ஆரம்பாக்கம்,
ஞாயிறு காலை, நாஷ்டா முடிந்த பிறகு.

அன்புள்ள மைத்துனன் தணிகாசலத்துக்கு,

மாமா ஆதிகேசவன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா பிரேமாவும் சௌக்கியம். உங்கள் நைனா வெட்டிய கிணறு சௌக்கியம். கிணற்றில் இருக்கும் விலாங்கும் சௌக்கியம், ஆனால் அதன் வயதில் ஒரு தகராறு வந்திருக்கிறது. புனேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். பக்கத்து வீட்டு ரோசம்மாள், "எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் இந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். 1993-இல் நீ பிறந்து உனக்குப் பெயர் வைத்த அன்று, நைனா பழவேற்காடு ஏரியிலிருந்து விரல் பருமனில் ஒரு விலாங்கு மீனைக் குடத்தில் கொண்டுவந்து கிணற்றில் விட்டார். அது இருக்கும்வரை ஊற்று அடைக்காது, தண்ணீர் உப்புக் கரிக்காது என்பது அவர் நம்பிக்கை. அன்றிலிருந்து உனக்கும் அதற்கும் ஒரே வயது. உன் பிறந்தநாளுக்கு உன் அக்கா கேசரி கிண்டினால் முதல் கரண்டி கிணற்றுக்குத்தான் போகிறது. 2015 வெள்ளத்தில் கிணறும் ரோடும் ஒன்றாகிப்போன போதும் அது எங்கேயும் போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் அதைப் பார்த்துச் சொன்னவன் நான்தான். 2019 பஞ்சத்தில் கிணற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, அப்போதும் அது சாகவில்லை. ரொம்ப இளைத்துவிட்டது, அவ்வளவுதான். அதை முதலில் பார்த்துச் சொன்னது உன் அக்கா. ஆக, இப்போது உங்கள் இரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு. (கல்யாணத் தரகரிடம் உனக்கு இருபத்தெட்டு என்று சொல்லி வைத்திருக்கிறோம், அதை மறந்துவிடாதே.)

போன மாதம் கும்மிடிப்பூண்டி மீன் மார்க்கெட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். "வயது தெரிந்த விலாங்கு வைத்திருப்போர் தொடர்பு கொள்ளவும்." நானும் பார்த்தேன், உன் அக்காவும் பார்த்தாள், இரண்டு பேரும் வஞ்சிரம் விலை கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ரோசம்மாள் சும்மா இருப்பாரா? நின்ற இடத்திலேயே போன் போட்டு, "எங்க பக்கத்து ஊட்டு கெணத்துல முப்பத்திரண்டு வயசு விலாங்கு இருக்கும்மா, நேர்ல வந்து பாரு" என்று சொல்லி, வீட்டுக்கு வழியும் சொல்லிவிட்டார்.

நோட்டீஸ் ஒட்டியது காயத்ரி என்று ஒரு மீன் ஆராய்ச்சிப் பெண். நல்ல பெண், மரியாதையாகப் பேசுகிறது. விலாங்கு இனமே வர வரக் குறைந்துகொண்டு போகிறதாம். எத்தனை வயதில் அது முட்டையிடக் கடலுக்குக் கிளம்புகிறது என்று தெரிந்தால்தான், எந்த அளவு மீனைப் பிடிக்காமல் விட வேண்டும் என்று மீனவர்களிடம் சொல்ல முடியுமாம். அதை உன் அக்காவிடம் போனில் விளக்கும்போது, "முன்னாடியெல்லாம் காதுக்கல்ல எடுத்துப் பார்த்துதான்கா வயசு சொல்லுவோம்" என்று ஆரம்பித்திருக்கிறது. அவ்வளவுதான், உன் அக்கா போனை வைத்துவிட்டாள்.

"இன்னாங்க இது, மீனுக்கு வயசு பாக்க எங்கம்மா போட்ட கம்மல கேக்குறாங்கோ?" என்றாள். நானும் தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்ப்பவன் அல்லவா, "கருவி குடுத்தா டெபாசிட் வாங்குவாங்க, அந்த மாதிரிதான்" என்று விவரமாகச் சொன்னேன். உடனே ஏழு கல் கம்மலைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, பிளாஸ்டிக் தோட்டைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் சோற்றில் கல் இருக்கிறது என்று திட்ட வாயெடுத்தேன். துப்பிப் பார்த்தால் உண்மையிலேயே கல், வெள்ளைக் கல். இப்போது உன் அக்கா காதில் ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் ஆறு. காயத்ரி நேரில் வந்து விளக்கிய பிறகுதான் தெரிந்தது, காதுக்கல் என்பது மீனின் தலைக்குள்ளேயே இருக்கும் பொடிக் கல்லாம். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல அதிலும் வளையம் இருக்குமாம். ஆனால் மீனைக் கொன்றால்தான் அதை எடுக்க முடியும். அழிகிற மீனைக் காப்பாற்ற அதையே கொல்வதா என்று, இப்போது துடுப்பில் அரிசி அளவு நறுக்கி, அதற்குள் ஏதோ குறிகளைப் படித்து வயது சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வழி சரியா என்று பார்க்க வயது தெரிந்த மீன் வேண்டும்.

அதைப் பிடித்த கதையைச் சொன்னால் நீ சிரிப்பாய், நாங்கள் அன்று சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயில் மீன் தலை வைத்துக் கட்டி மூன்று நாள் கிணற்றுக்குள் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் உள்ளே வந்து படுத்திருந்தது. காயத்ரி ஒரு டப்பில் தண்ணீர் ஊற்றி மயக்க மருந்து கலந்தது. மருந்து என்றால் என்ன, கிராம்பு எண்ணெய். வாசம் அடித்ததும் ரோசம்மாள் கையில் கிண்ணத்தோடு வந்து, "இன்னா பிரேமா, பிரியாணியா? ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். அந்த நேரம் பார்த்து மயக்கம் பாதியில் தெளிந்து விலாங்கு டப்பைத் தாண்டிக் குதித்து, வாசல் முழுக்க வழுக்கிக்கொண்டு போய் அவர் புடவைக் கொசுவத்துக்குள் நுழைந்தது. "ஏசப்பா!" என்று அவர் துவைக்கிற கல்மேல் ஏறியவர், கிண்ணத்தை மட்டும் கீழே விடவில்லை. நான் கோணிப்பையைப் போட்டு அமுக்கிப் பிடித்தேன். அந்தப் பெண் துளி நறுக்கி, நீளம் அளந்து, பத்திரமாகக் கிணற்றில் விட்டுவிட்டு, "வயசு நிச்சயமா முப்பத்திரண்டுதானே சார்?" என்று கேட்டது. நான் நிச்சயம் என்றேன். உன் அக்காவும் நிச்சயம் என்றாள். ரோசம்மாள் கல்லின் மேல் நின்றபடியே சாட்சி சொன்னார்.

புதன்கிழமை முடிவு வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "சார், ஆறு வயசுன்னு வருது. மிஞ்சிப் போனா ஏழு" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அக்கா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள், அடுப்பே பற்றவைக்கவில்லை. ரோசம்மாளுக்குத்தான் பேஜாரான கோபம். "எங்க தெரு மீன ஆறு வயசுன்னு சொல்ற மிஷினு இன்னா மிஷினு?" என்று சண்டைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. "உங்க மீனுக்கு முப்பத்திரண்டுதான்னா, நாங்க ரெண்டு வருஷமா பண்ணது அத்தனையும் தப்பு சார். மறுபடி காதுக்கல்லுதான். எழுத்துல ஏதாவது ஆதாரம் இருந்தா அனுப்புங்க, நான் மொதல்லேர்ந்து பார்க்குறேன்" என்றது. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆதாரத்துக்கு ரோசம்மாளே வழி சொன்னார். விலாங்கும் நீயும் ஒரே வயது, அதனால் உன் பிறப்புச் சான்றிதழ்தான் அதற்கும் சான்றிதழ். உன் அக்காவைக் கேட்டேன். "எழுதறதுன்னா எழுதுங்க" என்று சன்னமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் சான்றிதழ் நகல் ஒன்றும், 'மேற்படி விலாங்கு நான் பிறந்த மாதம் முதல் மேற்படி கிணற்றில் வசிக்கிறது, அதை நான் நன்கறிவேன்' என்று உன் கைப்பட ஒரு கடிதமும் அனுப்பி வைக்கவும். தரகர் கண்ணில் மட்டும் படவேண்டாம்.

ஊர்த் தெய்வம் எல்லையம்மன் உனக்கு நல்ல பெண்ணும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். நைனா ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் மாமா,
ஆதிகேசவன்

பின்குறிப்பு: உன் அக்கா மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள், அதனால் சீக்கிரம் எழுதுகிறேன். சான்றிதழ் அனுப்பாதே. அது நைனா விட்ட விலாங்கு இல்லை. 2015 வெள்ளத்தில் அது போய்விட்டது. நைனா காலமாகி அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன் அக்கா தினமும் கிணற்றை எட்டிப் பார்த்து, "நைனா விட்டது இருக்குதாங்க?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழவேற்காட்டில் மீன் பிடிக்கும் துலுக்காணத்திடம் சொல்லி அதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுவிட்டேன். ஆக அதற்குப் பத்து வயதுக்குக் குறையாது. ஆறு என்கிற கணக்கு எப்படியும் தப்புதான், ஆனாலும் என் பொய்யால் அந்தப் பெண்ணின் உழைப்பும் இத்தனை விலாங்குகளின் பிழைப்பும் கெடக் கூடாது. நாளைக்கு நானே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் மூச்சு விடாதே. இதைத் தபாலில் சேர்க்க அவளிடம்தான் கொடுக்கிறேன், பயமில்லை, அவள் கண்ணாடி உடைந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது.

தணிகா, அக்கா எழுதுறேன். கண்ணாடி நேத்தே வந்துடுச்சி. மாமா வெள்ளத்துல வாங்கி வுட்டது எனக்கு இப்பதான் தெரியுது. பஞ்சத்துல கெணறு வத்தினப்ப விலாங்கு செத்துப் போச்சிடா. மாமா காலைல எழுந்ததும் அதுகிட்ட பேசிகினுதான் பல்லு வெளக்குவாரு, பாவம், மனுஷன் ஒடஞ்சிடுவாருன்னு துலுக்காணத்துகிட்ட சொல்லி சின்னதா ஒண்ணு வாங்கி வுட்டுட்டு, எளச்சிப் போச்சின்னு சொன்னேன். அந்த ஆளு ரெண்டு பேருக்கும் மீனு குடுத்துட்டு ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல பாரு. அப்ப நைனா விலாங்கு போச்சின்னு நெனச்சி ரெண்டு நாளு அழுதேன், அது மாமா விலாங்கு. பரவால்ல, அதுவும் அழவேண்டியதுதான். காயத்ரி பொண்ணுக்கு காலைலயே போன் போட்டு, ஆறுதான் கரெக்டு, நீ பண்ணது எதுவும் தப்பு இல்லன்னு சொல்லிட்டேன். சந்தோஷத்துல அழுவுது. நாளைக்கு மாமா பேசறப்ப அது சிரிக்காம இருந்தா சரி. மாமாகிட்ட நீ எதுவும் சொல்லாத. இந்த ஊட்டுல வயசு கரெக்டா தெரிஞ்சது நீ ஒருத்தன்தான், அதையும் தரகர்கிட்ட இருபத்தெட்டுன்னு சொல்லி வெச்சிருக்கோம்.