எண்ணெயில் போட்ட தோடு

தனியாகக் குடியிருப்பவர்களை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது கொஞ்சம் யோசியுங்கள். ஒரு வாரத்துப் பேச்சை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். (கைப்பையில் ஒரு கண்ணாடிக் குச்சி வேறு.)

முத்தியால்பேட்டையில் ஒற்றை அறை, பள்ளியில் இயற்பியல் பாடம். வீட்டுக்கு வந்தால் குக்கர் மட்டும்தான் சத்தம் போடும். அதனால் கூட வேலை பார்க்கும் மேரி, சாரம் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டதும் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் என்னைப் பிடித்துப்போய், வாராவாரம் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மீன்குழம்பு முடிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எனக்குப் பயம் வந்தது. டம்ளரில் கடலை எண்ணெய் கேட்டு வாங்கி, குச்சியை விட்டேன். முங்கிய பாகத்தைக் காணோம்!

“அய்யய்யோ, கரைஞ்சிடுச்சா?” என்றார் மேரியின் மாமியார்.

“இல்லம்மா. வெளிச்சம் காத்துல வேகமா போவும், கண்ணாடியில மெதுவா போவும். வேகம் மாறுற எடத்துலதான் அது திரும்பும், மின்னும். எண்ணெயிலயும் கண்ணாடியிலயும் கிட்டத்தட்ட ஒரே வேகம். அதான் தெரியல.”

கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“வைரமும் மறைஞ்சிடுமா?”

“வைரத்துல வெளிச்சம் இன்னும் மெதுவா போவும்மா. எண்ணெயிலயும் பளிச்சுன்னு தெரியும். பாக்குறீங்களா?”

மாமியார் பெருமையோடு ஒரு தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவருடைய மாமனார் அந்தக் காலத்தில் சைகோனிலிருந்து கொண்டுவந்த ஏழு கல் வைரத்தோடு. சென்னையில் படித்துக்கொண்டிருந்த தன் கடைசி மகளுக்கு என்று சொல்லி வைத்திருந்தது.

போட்டேன். தங்கம் தெரிந்தது. கல் ஒன்றையும் காணோம். டம்ளரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “எண்ணெய் சரியில்ல போலருக்கு” என்றேன். (மேரியின் கணவர் தானே நின்று செக்கில் ஆட்டி வாங்கி வந்த எண்ணெயாம்.)

மாமியார் கரண்டியால் தோட்டை எடுத்து முந்தானையில் துடைத்தார். பழையபடி மின்னியது. “எங்க மாமனாரு அப்படிப்பட்டவரு இல்ல டீச்சரம்மா” என்று மெதுவாகச் சொல்லி, மறுபடி காதில் மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. பாயசத்தின் வாசனை வந்தது, பாயசம் வரவில்லை.

மேரி வாசல் வரை வந்தாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்.”

“சொல்றதுக்கு எனக்கு யாரு இருக்கா?”

அப்புறம் அவள் கூப்பிடவேயில்லை.

போன மாதம் காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் ஒரு பெண்; காதில் அதே ஏழு கல் தோடு, வெயிலில் ஜம்மென்று மின்னிக்கொண்டிருந்தது. தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“எங்க வீட்ல யாராவது நாலு நாள் ஆளக் காணோம்னா, ‘எண்ணெயில போட்டாச்சா?’ன்னு கேப்போம். எங்க அண்ணியோட ஸ்கூல்ல டீச்சர் ஒருத்தவங்க பண்ண வேலை.” முழுக் கதையும் சொன்னாள். பாயசம் உட்பட. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது; அந்த வீட்டில் இன்னும் என்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

“அந்த டீச்சர் இப்ப எங்கடி?” என்று தோழி கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? அவங்களையும் எண்ணெயில போட்டாச்சு.”

நான் நேர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.