மச்சானுக்கு ஒரு கட்டம்

“கூட்டுத் தலைமையகத்துக்குத் தலைமை அதிகாரி யாருன்னு வெள்ளிக்கிழமை மேடையில நீதான் அறிவிக்கிற” என்று மேஜர் கிடியனிடம் தளபதி சொன்னார்.

பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் தரை, கடல், விமானப் பிரிவுகள் மூன்று மூலையில் மூன்று தலைமையகம் வைத்து, ஒன்றுக்கொன்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தன. மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரத் திட்டம். யார் யாருக்குக் கீழே என்று கட்டம் கட்டமாகப் படம் வரைந்தவர் கிடியன். வேலை ஒழுங்காக முடிந்தால் அவர் லெப்டினன்ட் கர்னல்.

எல்லாம் சரி. தலைமை அதிகாரியாகத் தேர்வானவர் கடற்படைக் கமாண்டர் பென்சன் காவுட் என்பதுதான் தொல்லை. பென்சன், கிடியனுடைய மனைவி டோரிக்காவின் அண்ணன். மடாங் மாகாணத்தில் கிடியனின் ஊர்ப் பக்கம் மனைவியின் அண்ணன் பெயரை எவனும் வாயால் சொல்லமாட்டான். அண்ணனும் தங்கை புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். சொன்னால் பன்றி வெட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். பன்றி போனாலும் போன மானம் வராது.

தளபதியிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேலைக்கான நேர்காணலில், “சொந்தபந்தம், ஊர் வழக்கமெல்லாம் வாசலுக்கு வெளியிலயே விட்டுட்டு வர்றவன் சார் நான்” என்று மார்தட்டியதும் இதே கிடியன்தான்.

“எங்கண்ணன் பேர மைக்ல சொல்லிப் பாருங்க” என்றாள் டோரிக்கா. “அன்னைக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு அவர் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“எனக்குப் பதவி உயர்வு வேணாமா?”

“வேணும். எங்கண்ணன் பேரச் சொல்லாம வாங்கிட்டு வாங்க.”

மறுநாள் கிடியன் படத்திலிருந்த பெயர்களையெல்லாம் அழித்துவிட்டுப் பதவிகளை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

தளபதிக்குப் புல்லரித்துவிட்டது. “ஆள் முக்கியமில்ல, பதவிதான் முக்கியம்! இதுதான்யா நவீனம்!”

வெள்ளிக்கிழமை மேடையில் கிடியன் ஒரு பதவியை மட்டும் அறிவித்துவிட்டு இறங்கினார். யாருக்கென்று தெரியாமலே கூட்டம் கைதட்டியது.

தளபதி உற்சாகத்தில் நிற்கவில்லை. “இனிமே நீயும் கமாண்டரும் ஒரே மேசை. வயர்லெஸ்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுங்க. அப்பத்தான் ஒத்துமை வரும்.”

கிடியன் அவசர அவசரமாக நடுவில் ஒரு கட்டம் போட்டு, அதில் விமானப் பிரிவிலிருந்து கார்ப்பரல் எலிசனை உட்காரவைத்தார்.

“நான் சொல்றத அப்படியே அவர்கிட்ட சொல்லணும்.”

“எவர்கிட்ட சார்?”

“அதான்யா, உயரமா, வழுக்கையா இருப்பாரே!”

“பேரு?”

“பேரெல்லாம் ராணுவ ரகசியம்.”

அந்தப் பக்கம் பென்சனுக்கும் அதே அவஸ்தை. அவரும் தன் பங்குக்கு ஒரு இடையாளை நியமித்தார். இரண்டு இடையாட்களில் யார் யாருக்கு முதலில் சல்யூட் அடிப்பது என்று சண்டை வந்தது. அதைத் தீர்க்க ஒரு பிரிவு தொடங்கினார்கள். பிரிவுக்கு மேசை நாற்காலி கேட்டு இன்னொரு பிரிவு முளைத்தது. படம் சுவரை விட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டது.

அப்புறம் முதல் கூட்டுப் பயிற்சி வந்தது. கடற்கரையில் நிற்கும் துருப்புகளைப் படகு வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று கிடியன் உத்தரவு எழுதினார். எலிசன் அதை எடுத்துக்கொண்டு ஓடி, உயரமாக, வழுக்கையாக இருந்தவரிடம் பத்திரமாகச் சேர்த்தான். அவர் ராணுவப் பாதிரியார். அவர் உத்தரவைப் படித்து, துருப்புகளுக்காக மனமுருகி ஜெபித்துவிட்டு, பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

துருப்புகள் மழையில் நனைந்தபடி டின் மீனைத் தின்றுகொண்டு காத்திருந்தன. படகு வேறொரு வளைகுடாவில் ஆளில்லாத கரையைக் காவல் காத்தது. விமானம் அரிசி மூட்டைகளைத் தாராளமாகக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பியது.

“திங்கட்கிழமை எனக்குக் குழப்பமே இல்லாத படம் வேணும்” என்றார் தளபதி. “இல்லன்னா நீ மேஜராவே ரிட்டயர் ஆயிடுவ.”

கிடியன் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து யோசித்தார். தானும் மச்சானும் முகத்தில் முகம் விழிக்கவே கூடாது. ஒருவர் பெயரை மற்றவர் உச்சரிக்கும் சந்தர்ப்பமே வரக் கூடாது. அப்படியும் படை நடக்க வேண்டும். யோசிக்க யோசிக்க வழி பளிச்சென்று தெரிந்தது. வரைந்து முடித்தபோது அவருக்கே தன் மூளையைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெருமையாக விரித்தார். மரியாதைக்காக அழைத்திருந்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் வாரி, ஜன்னலோரம் பாக்கு மென்றுகொண்டிருந்தார்.

“தரைக்கு முகாம்ல ஒரு தலைமையகம் சார். கடலுக்குத் துறைமுகத்துல ஒண்ணு. விமானத்துக்கு ஓடுதளம் பக்கத்துல ஒண்ணு. ஒருத்தர ஒருத்தர் பார்க்க வேண்டியதில்ல. ஏதாவது தேவைன்னா கடிதம் போட்டுக்கலாம்.”

தளபதி படத்தைப் பார்த்தார். கிடியனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“யோவ்! இது நாம கலைக்கப்போற பழைய படம்யா! ஒரு கோடு மாறாம அப்படியே வரைஞ்சிருக்க! எதுக்குய்யா மூணா பிரிச்சீங்கன்னு வர்ற மந்திரியெல்லாம் கேக்குறாங்க. ஒருத்தனுக்கும் பதில் தெரியல. முதமுதல்ல இத வரைஞ்ச புத்திசாலி எவன்?”

பிரிகேடியர் வாரி ஜன்னலுக்கு வெளியே சிவப்பாகத் துப்பிவிட்டுத் திரும்பினார்.

“நான்தான் தம்பி. அப்ப கடற்படையப் பார்த்துக்கிட்டது என் பொண்டாட்டியோட அண்ணன்.”